பதினோரு நாள் மடியில் இருந்த கல்

கோகிலவாணியிடம் கல்லோடு வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் வெறுங்கையோடு போவது போலத்தான் திரும்பிப் போவார்கள். கல் கையில்தான் இருக்கும். ஆனாலும் நடை அப்படி ஆகிவிடும்.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. பதினைந்து வயதில் கல் பட்டை தீட்டும் பட்டறைக்குப் போனாள். இருபது வருடம் சக்கரத்தின் முன்னால் குனிந்திருந்ததில் கண்ணும் முதுகும் கெட்டன. இப்போது மூடிப்போன கிரானைட் குவாரி ஒன்றின் எடைமேடை அறையில் உட்கார்ந்திருக்கிறாள். லாரி வருவதில்லை. ஆட்கள் வருகிறார்கள். காங்கேயத்தில் தொடங்கிக் கரூர் வரை அந்த மண்ணில் எங்கே தோண்டினாலும் ஏதாவது மின்னும். மின்னியதைத் துணியில் சுற்றிக்கொண்டு நேரே இங்கே வருவார்கள். இது என்ன கல், சொல்லுங்கள் என்பார்கள்.

அவள் சொல்லமாட்டாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கல்லைக் கொண்டுவந்தவர்தான் அதில் கோடு போட வேண்டும். சொந்தக் கத்தியால் போட வேண்டும். முகத்தில் போடக் கூடாது. கல்லின் அடியில், உடைந்த பக்கத்தில், எப்படியும் அறுத்து எறியப்போகிற இடத்தில் போட வேண்டும். எச்சில் தொட்டுத் துடைக்க வேண்டும். கோடு போய்விட்டால் அது கத்தியின் இரும்பு, மேலே பேசலாம். கோடு போகாவிட்டால் அது கல்லில் விழுந்த காயம். பேச ஒன்றும் இல்லை. துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம்.

நல்ல கல்லைக் கத்தி ஒன்றும் செய்யாது. எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும், நீங்களே போட்டுவிடுங்கள் என்று எல்லோரும் கெஞ்சுவார்கள். அவள் கத்தியைத் தொடவே மாட்டாள். அந்தக் கெஞ்சலைக் கேட்டுக் கேட்டே அவளுக்குப் பாதி ஆயுள் அலுத்துவிட்டது.

அவளுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் சென்னியப்பன், வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் போர்வெல் வண்டி வைத்திருந்தவர். வண்டியோடு ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று வருடத்தில் பத்து மாதம் ஊரில் இருக்கமாட்டார். ஒரு தடவை பைப் உருண்டு விழுந்து இடுப்பு உடைந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே இரும்பு வைத்தார்கள். அதோடு வண்டியை விற்றுவிட்டார். அப்புறம் ஒரு நாள் இந்த அறை வாசலில் வந்து நின்றார்.

"பூமிக்குள்ள ஆயிரம் அடி போயிருக்கறனுங்க அம்மிணி. என்ன பாத்தேன்னு கேட்டா சொல்லத் தெரியல. தூசிதான் பாத்தேன். கல்லுன்னா என்னன்னு சொல்லிக் குடுப்பீங்களா?"

"உக்காருங்கண்ணா," என்றாள் அவள்.

தீட்சை அவ்வளவுதான். அது நடந்து ரெண்டு வருடம் ஆகிறது.

குருவை அம்மிணி என்று கூப்பிடுகிற சீடர் உலகத்திலேயே நீ ஒருவன்தான் என்று டீக்கடையில் அவரைக் கிண்டல் செய்வார்கள். வயதில் நான் பெரியவன், விவரத்தில் அவங்க பெரியவங்க, நடுவில் வாய் என்ன செய்யும் என்பார். அவருக்கு வேலை, தட்டில் கொட்டிய கல்லைத் தரம் பிரிப்பது. கண்ணாடி போல உடைவது ஒரு பக்கம், பலகை போல உடைவது ஒரு பக்கம். காலையில் வந்தால் சாயங்காலம் வரை அதுதான்.

கத்தி விஷயத்தை முதல் வாரமே கற்றுக்கொண்டார். கற்ற அன்றைக்கே வீட்டுக்குப் போய் மனைவி வேலாத்தாளுக்கு அதைச் செய்து காட்டினார். அவள் சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த கத்தியைப் பிடுங்கி, ஒரு சுண்ணாம்புக் கல்லின் அடியில் இழுத்தார். கோடு விழுந்தது. பளிங்கு மாதிரி வெளுத்த ஒரு வெங்கச்சங்கல்லின் அடியில் இழுத்தார். விழவில்லை. வேலாத்தாள் ரெண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதுக்குத்தான் தினமும் பஸ் ஏறிப் போறீங்களாக்கும் என்று கேட்டுவிட்டுக் கத்தியைக் கழுவப் போனாள்.

இனி விஷயத்துக்கு வரலாம்.

பதினோரு நாளைக்கு முன்னால் அரவக்குறிச்சிப் பக்கத்தில் உள்ள அவருடைய தோட்டக்காட்டில் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். அறுபது அடிக்குக் கீழே வெள்ளையாக, மெத்தென்று ஒரு பாறை வந்தது. வெடி வைத்து மேலே கொண்டுவந்து கொட்டிய குவியலில் ஒரு கல் குச்சி போல நீட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் பருமன், நடுவிரல் நீளம். ஆறு பட்டை, அறுத்து வைத்தது மாதிரி. நிறம் பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. கடலைத் தூரத்தில் இருந்து பார்த்தால் இருக்குமே, அது.

அக்வாமரினும் ஆறு பட்டைதான். அதுவும் அதே நிறம்தான். அந்த வட்டாரத்தில் அக்வாமரின் கிடைத்து வீடு கட்டினவர்கள் உண்டு.

சென்னியப்பன் கல்லை வேட்டி மடியில் கட்டிக்கொண்டார். மறுநாள் அதைக் கழுவினார். மூன்றாம் நாள் காங்கேயத்துப் புரோக்கர் ஒருவரிடம் காட்டினார். புரோக்கர் கல்லைக் கையில்கூட வாங்கவில்லை. இன்னும் இருக்கா என்று மட்டும் கேட்டார். எல்லாப் புரோக்கர்களும் எல்லாக் கல்லுக்கும் கேட்கிற கேள்வி அது. சென்னியப்பனுக்கு அது பதிலாகக் காதில் விழுந்தது.

இன்னும் இருந்தால் அது கிணற்றுக்கு வடக்கேதான் இருக்க வேண்டும். பாறை அந்தப் பக்கமாகத்தான் சரிந்து போனது. வடக்கே நூற்று நாற்பது முருங்கை நிற்கிறது. பன்னிரண்டு வருடத்து மரம். அவர் வெளி மாநிலத்தில் துளை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், வேலாத்தாள் தானே குழி வெட்டி, தானே கிளை ஒடித்துப் போத்து நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தது. அந்த வீட்டில் அவர் இல்லாத பத்து மாதமும் அடுப்பு எரிந்தது அந்த மரத்தால்தான்.

அவர் பொக்லைனுக்குச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் வந்து மரத்தைப் பிடுங்கிப்போட்டு, தோண்ட ஆரம்பிப்பது என்று பேச்சு.

வேலாத்தாள் சண்டை போடவில்லை. அழவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். தினமும் காலையில் அவர் செருப்பை மாட்டும்போது மட்டும் ஒரு கேள்வி வரும்.

"அந்த அம்மிணிகிட்டக் காட்டிட்டீங்களா?"

இன்றைக்குக் காட்டறேன் என்பார். வருவார். கல் பிரிப்பார். போவார். மடியில் இருப்பது மடியிலேயே இருக்கும்.

இப்போது வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி. தகரக் கூரை நன்றாகக் காய்ந்து கிடந்தது. கோகிலவாணி இன்னும் சாப்பிடவில்லை. காலையில் இருந்து பதினேழு பேர் வந்து போயிருந்தார்கள்.

பதினெட்டாவது ஆள் ஆடு மேய்க்கிறவர். மஞ்சளாக, தேன் கட்டி மாதிரி ஒரு கல். அதை அவர் பிரித்த விதத்தைப் பார்த்தால் கைக்குழந்தையின் துணியைப் பிரிப்பது போல இருந்தது. மகளுக்குக் காது குத்த வேண்டும், இது புஷ்பராகமாக இருந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

"கத்தி இருக்குதுங்களா?" என்று கோகிலவாணி கேட்டாள்.

"இருக்குதுங்க தாயி. நீங்களே போட்டுருங்க. உங்க கை ராசியான கை."

"கல்லு உங்களுது. கோடும் உங்களுதாவே இருக்கட்டும்."

அவர் கத்தியை எடுத்தார். விரித்தார். கல்லுக்கு ஒரு அங்குலம் மேலே கொண்டுபோனார். அப்புறம் கத்தியை மடக்கி, கல்லைச் சுற்றி, இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார். ஆடுகள் பின்னாலேயே போயின.

சென்னியப்பன் சிரித்தார். "கத்தி இருக்குது, கல்லு இருக்குது, தெகிரியம் மட்டும் இல்ல. இன்னும் பத்து வருசம் அதைப் புஷ்பராகம்னு சொல்லிக்கிட்டே ஆடு மேய்ப்பான், பாருங்க."

கோகிலவாணி லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"உங்க மடியில என்னங்கண்ணா?"

சிரிப்பு நின்றது.

"வெத்தலைப் பொட்டணமுங்க."

"வெத்தலை போடறவங்களுக்கு வாய் செவந்து கெடக்கும். பதினோரு நாளா உங்க வாய் வெளுத்துத்தான் இருக்குது."

அவர் தட்டில் இருந்த கல்லை ரெண்டு மூன்று தடவை கிளறினார். அப்புறம் மடியை அவிழ்த்து, குச்சிக் கல்லை மேசையில் வைத்தார்.

கோகிலவாணி எடுத்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் ஒரு தடவை. திருப்பி, அடியை ஒரு தடவை. திரும்பவும் பழையபடி வைத்துவிட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏற்கெனவே இருந்த அலுப்பு கொஞ்சம் கூடினது போல இருந்தது.

சென்னியப்பன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். கிணறு, புரோக்கர், முருங்கை, காலையில் வரப்போகிற பொக்லைன், பேசாத பெண்டாட்டி. கேட்டுக்கொண்டே அவள் டிபன் பாக்ஸைத் திறந்தாள். தயிர் சாதம் வெயிலில் புளித்திருந்தது. அதையே சாப்பிட ஆரம்பித்தாள்.

"எதுல இருந்து வந்துச்சு?"

"வெள்ளைப் பாறைங்க."

"ஒட்டியிருந்த வெள்ளை எங்க?"

"கழுவிட்டனுங்க."

"எதுல?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பாத்ரூம் கழுவுற ஆசிட்ல."

"பொங்குச்சுங்களா?"

"பொங்குச்சு."

ஆசிட் பட்டுப் பொங்கினால் அது சுண்ணாம்புப் பாறை. அக்வாமரின் அதில் உட்காருவதில்லை. அது தகடு தகடாக உரிகிற காக்காப்பொன்னும் வெங்கச்சங்கல்லும் கலந்து கிடக்கிற பாறையில் வரும். இதை அவள் அவருக்குச் சொல்லிக்கொடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் அதை நோட்டில் எழுதிக்கூட வைத்திருக்கிறார்.

"கழுவுறதுக்கு முந்தி இதைவிட மினுக்கமா இருந்துச்சா?"

"ஆமாங்க. கொஞ்சம் மங்கித்தான் போச்சு."

அக்வாமரினை அந்த ஆசிட் மங்க வைக்காது. அதையும் அவள் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கத்தி எங்கங்கண்ணா?"

"சட்டைப் பையில இருக்குதுங்க. காலையில மறந்துட்டுத்தான் கெளம்புனேன். வாசல் வரைக்கும் ஓடி வந்து அவதான் பையில போட்டுவிட்டா."

"சரி."

அவள் சோற்றைப் பிசைந்தாள். சென்னியப்பன் கத்தியை எடுக்கவில்லை. மின்விசிறி இல்லாத அறை. அவருக்கு வேர்த்து ஊற்றியது.

"நீங்களே போடுங்க அம்மிணி," என்றார். குரல் அந்த ஆடு மேய்க்கிறவரின் குரல் மாதிரியே இருந்தது. அது அவருக்கே கேட்டிருக்கும். "ரெண்டு வருசமா உங்க காலடியில கெடக்கறேன். எனக்காக ஒரே ஒரு தடவை."

அவள் ஊறுகாயை எடுத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. பொக்லைன்காரர். டீசல் போட்டாச்சு, ராத்திரியே வண்டியைக் கொண்டுவந்து காட்டில் நிறுத்திக்கொள்ளட்டுமா, காலையில் வெயிலுக்கு முந்தி நாற்பது மரத்தைச் சாய்த்துவிடலாம் என்றார். சென்னியப்பன் பத்து நிமிடத்தில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

பத்து நிமிடம் என்று சொல்லியாகிவிட்டது.

அவர் கத்தியை விரித்தார். கல்லை இடது கையில் அழுத்திப் பிடித்தார். அடியில் போட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அப்போது நினைவில் இல்லை. மேல் பக்கத்தில், முகத்திலேயே, வெளிச்சம் படுகிற பட்டையில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

கிர்ரென்று ஒரு சத்தம். நல்ல கல்லில் கத்தி வழுக்கும். இது வழுக்கவில்லை. இறங்கியது.

வெள்ளையாகக் கோடு. எச்சில் தொட்டுத் துடைத்தார். இருந்தது. வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்தார். இருந்தது. கோட்டின் ஓரத்தில் கோலமாவு மாதிரி கொஞ்சம் தூள். அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

கூரைத் தகரம் சூட்டில் டிக் டிக் என்று நெட்டி முறித்துக்கொண்டிருந்தது.

"என்ன கல்லு இது?"

"அபடைட்டுங்கண்ணா."

"அபூர்வமா கெடைக்கறதுங்களா? அதையாச்சும் சொல்லுங்க."

"இல்லீங்க. பாறைன்னு இருந்தா ஏறக்குறைய எல்லாத்துலயும் இருக்கும். பொடியா, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. நீங்க ஓட்டை போட்ட அத்தனை போர்லயும் உங்க மூஞ்சியிலயே அடிச்சிருக்கும், தூசின்னு தொடச்சிருப்பீங்க. இந்த மாதிரி குச்சியா வளர்றது எங்கயோ ஒண்ணு ரெண்டு எடம். சுண்ணாம்புப் பாறைக்கு நடுவுல நல்லா வளரும்."

"மோதிரத்துல வெக்கறதுக்கு?"

"வெக்கலாம். ஒரு வருசத்துல கையில படுற தூசியே அதைத் தேச்சிரும். பொறை விழுந்த கண்ணு மாதிரி ஆயிரும்."

சென்னியப்பன் கல்லை மேசையில் தள்ளினார். அது ஆறு பட்டையும் தடதடவென்று உருண்டு அவள் டிபன் பாக்ஸில் இடித்து நின்றது. பட்டறைக்காரர்கள் சொல்லுவார்களே, இந்தக் கல்லுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயருக்கே ஏமாற்றுவது என்றுதான் அர்த்தமாமே என்று அவர் கேட்டார். ஆமாம், கிரேக்கத்தில் அப்படித்தான், பச்சையாக இருந்தால் ஒரு கல் என்று நினைப்பார்கள், நீலமாக இருந்தால் இன்னொரு கல் என்று நினைப்பார்கள், அதனால் அப்படி வைத்தார்கள் என்று அவள் சொன்னாள்.

"சரியாத்தான் வெச்சிருக்கான். என்னைய நல்லா ஏமாத்திருச்சு."

"அது பதினோரு நாளும் வாயே தெறக்கலீங்கண்ணா."

அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். இத்தனை தூரம் பூமிக்குள் இருந்து மேலே வந்த ஒரு பொருள் எதுக்குமே ஆகாமல் போனால் அது ஏன்தான் உண்டாக வேண்டும், இப்படி ஒரு வெட்டிக் கல்லை எதற்குத்தான் வைத்துக்கொள்வது என்று சத்தமாகக் கேட்டார்.

கோகிலவாணி கடைசிக் கவளத்தை விழுங்கினாள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"கம்மஞ்சோறு. முருங்கைக்கீரைப் பொரியல்."

"எதுல மென்னீங்க?"

"பல்லுலதான். மிச்சம் இருக்கறதுல."

"பல்லு எதுல ஆனது?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் கல்லைக் காட்டினாள்.

"முருங்கைக்கு சூப்பர் பாஸ்பேட் போடறீங்கல்ல?"

"அவதான் போடுவா. வருசத்துக்கு நாலு மூட்டை."

"அதுவும் இதே சரக்குதான். மலை மலையா வெட்டி, ஆசிட்ல கரைச்சு, மூட்டை கட்டித் தர்றாங்க. இதையே அப்படியே இடிச்சு உங்க காட்டுல போட்டா ஆகாது. உங்களுது சுண்ணாம்பு மண்ணு, கரையாது. உங்க பேத்திக்குப் பேத்தி வந்து பாக்கோணும்."

"சரிங்க."

"உங்க இடுப்புல இரும்பு வெச்சாங்கல்ல, அது எப்படி எலும்போட ஒட்டிக்கிச்சு?"

"மேல ஏதோ பூசியிருக்குது, எலும்பு அதைப் புடிச்சுக்கும்னு டாக்டர் சொன்னார்."

"அந்தப் பூச்சும் இந்தச் சாதிதான்."

சென்னியப்பனின் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே இருந்து மடிக்குப் போனது. மடி காலியாக இருந்தது.

அவர் எழுந்து வெளியே போனார். எடைமேடையின் துருப்பிடித்த இரும்பின்மேல் நின்றுகொண்டு பொக்லைன்காரருக்குப் போன் போட்டார். வர வேண்டாம் என்றார். அந்தப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. வேறு வேலையை விட்டுவிட்டு வந்தேன், டீசல் போட்டேன், உன்னை நம்பினேன், பெரிய மனுசன்தானே நீ என்றெல்லாம் வந்தது. சென்னியப்பன் எல்லாவற்றுக்கும் ஆமாங்க, தப்புத்தானுங்க என்றார். காட்டில் கல் இல்லையா என்று பொக்லைன்காரர் கடைசியில் கேட்டார்.

"கல்லு இருக்குதுங்க," என்றார் சென்னியப்பன். "நாந்தான் தப்பாப் பாத்துட்டேன்."

திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்தபோது அவர் பத்து வருடம் மூத்தவர் போல இருந்தார். போர் போட்டுத் தண்ணீர் வராத காட்டில் இருந்து வண்டியைக் கிளப்பும்போது இருக்கிற முகம். அந்த முகம் அவருக்குப் பழக்கமானதுதான். ஆனால் அப்போதெல்லாம் அது அடுத்தவன் காடு.

ஊர் சிரிக்கும், அது ரெண்டு நாள். டீக்கடையில் அக்வாமரின் அண்ணன் வர்றார் என்பார்கள், அது ஒரு மாசம். அதையெல்லாம் அவரே சொல்லி அவரே ஒதுக்கிவிட்டார். ஒன்றுதான் ஒதுங்கவில்லை.

"அவகிட்ட என்னன்னு சொல்றதுங்க அம்மிணி? பன்னெண்டு வருசத்து மரம். எங்கிட்ட ஒரு கத்தி இருந்துச்சு, ஒரு நிமிச வேலை. அதைச் செய்யாம அவளைப் பதினோரு நாள் இப்படி வெச்சிருந்தேன். இப்பப் போய், இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுதுன்னு எந்த மூஞ்சியோட சொல்வேன்?"

கோகிலவாணி டிபன் பாக்ஸை மூடினாள். கல்லை விரலால் அவர் பக்கம் உருட்டிவிட்டாள்.

"கோட்டை முகத்துலயே போட்டுட்டீங்க. எங்க போடணும்?"

"அடியில."

"அடியைப் பாருங்க."

அவர் கல்லைத் திருப்பினார்.

உடைந்த பக்கத்தில், ஓரமாக, அறுத்து எறிய வேண்டிய இடத்தில் மிகச் சரியாக, ஒரு கோடு இருந்தது. நக நீளம்தான். நேர்கோடு. கை நடுங்காமல் போட்ட கோடு. அவர் போட்டது இல்லை. அவர் கோடு வெள்ளை. இது மஞ்சளாக இருந்தது.

எச்சில் தொட்டுத் துடைத்தார். போகவில்லை. கட்டைவிரலை முகர்ந்து பார்த்தார். சமையல் மஞ்சள்.

வேலாத்தாள் கத்தியைக் கழுவாமல் போட்டிருக்கிறாள். அடுப்படியில், ஏதோ நறுக்கிக்கொண்டிருந்த கையோடு. அவர் வேட்டியை அவிழ்த்துவைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரமாக இருக்க வேண்டும். கல்லைக் கழுவிய மறுநாளாக இருக்க வேண்டும். அதற்கு அடுத்த காலையில்தான் அவள் முதல் தடவையாகக் கேட்டாள், அந்த அம்மிணிகிட்டக் காட்டிட்டீங்களா என்று. அப்புறம் தினமும் கேட்டாள். இன்றைக்குக் கத்தியோடு வாசல் வரைக்கும் ஓடி வந்தாள்.

சென்னியப்பன் ரெண்டு கோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வெயில் மேசையை விட்டு இறங்கித் தரைக்குப் போயிருந்தது.

"அப்பவே தெரிஞ்சிருக்குது அவளுக்கு," என்றார். "அப்புறம் ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

கோகிலவாணி அவருடைய கத்தியை மேசையில் இருந்து எடுத்தாள். ரெண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் ஒரு கத்தியைத் தொட்டாள். மடக்கி, அவர் சட்டைப் பையில் போட்டாள்.

"கல்லு உங்களுது. கத்தி உங்ககிட்டயும் இருந்துச்சுங்கண்ணா."